அடுத்து என்ன ஆடலாம்? மனசில் ஓடும் கேம்பெயினை மேஜைக்குக் கொண்டுவரும் வழி

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் ரோல்பிளேயிங் கேம்களில், பல நாள் தொடர்ந்து ஓடும் ஆட்டத்துக்குக் கேம்பெயின் என்று பெயர். அது பாதியைத் தாண்டும்போதே, ஆட்டத்தை நடத்தும் ஜிஎம்மின் (கேம் மாஸ்டர்) மனசு அடுத்ததற்குத் தாவிவிடும். சோழர் காலத்துக் கப்பல் பயணம் ஒன்று, கடல் ஊருக்குள் ஏறி வந்த பிறகான சென்னை ஒன்று, ஏதோ ஒரு கிரகத்தில் கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்று என்று யோசனைகள் வரிசை கட்டி நிற்கும். வாட்ஸ்அப் குரூப்பில் "மச்சி, அடுத்து இதை ஆடுவோமா" என்று கேட்டால் நாலு பேர் உடனே "செமடா" என்பார்கள். அத்தோடு சரி, அதற்கு மேல் நகராது. சில மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அதே நிலவறை, அதே கோப்ளின், அதே மதுக்கடை.

இப்படி முன்கூட்டியே கனவு காண்பது இந்த ஆட்டத்தின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று, அதை யாரும் விட வேண்டாம். ஆனால் கனவை எந்த வடிவத்தில் எழுதி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் நாம் அதைக் கதையாக எழுதிவிடுகிறோம்: முதலில் இது நடக்கும், பிறகு அங்கே போவார்கள், கடைசியில் துரோகம் வெளிப்படும். கதையாக எழுதியதை ஆட முடியாது, ஏனென்றால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து பேருக்கு அதில் வேலை இல்லை. யாருக்கோ ஒன்று வேண்டும், அதற்கு ஒரு கெடு இருக்கிறது, யாரும் குறுக்கே வராவிட்டால் இன்னது நடந்துவிடும். இந்த மூன்றும் இருந்தால் ஒரு யோசனையை ஆடலாம். இல்லாவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் நோட்டிலேயே கிடக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அதைச் செய்வது எப்படி என்பது பற்றித்தான்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி. 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தொடங்கிய வகை இது. ஒருவர் ஜிஎம்மாக இருந்து உலகத்தையும் அதில் உள்ள மற்ற எல்லோரையும் நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர், முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள். நிலவறையும் மந்திரவாதியும் கட்டாயம் கிடையாது. எந்தக் காலத்தையும் எந்த ஊரையும் ஆடலாம்.

யோசனை எங்கிருந்து வர வேண்டும்

முதல் இடம் உங்கள் மேஜை. செஷன், அதாவது ஒரு நாள் ஆட்டம், முடிந்து கேரக்டர் ஷீட்டை மடித்து வைக்கிற நேரம், யாரோ செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள், யாரோ கடைசி மெதுவடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்தப் பத்து நிமிஷப் பேச்சு ரொம்ப முக்கியம். எங்கள் மேஜையில் ஒரு நாள் எண்ணூர் கழிமுகம் மாதிரியான ஒரு இடத்தைக் கடக்க ஒரு படகுக்காரரை வைத்தேன். அவர் காசு வேண்டாம் என்று சொல்லி ஒரு கைப்பிடி உப்பு மட்டும் கேட்டு வாங்கி, அதைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார். அந்த நொடியில் தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவுதான். எல்லோரும் கிளம்பும்போது கல்லூரி படிக்கும் தம்பி ஒருவன் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணா, அந்தப் பெரியவர் ஏன் உப்பைத் தண்ணிலயே போட்டாரு? கடலுக்குக் கடன் பாக்கி ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். நான் யோசித்து வைத்திருந்த மூன்று பெரிய கதைகளையும் விட அந்தக் கேள்வி பெரியது. கடலுக்குக் கடன்பட்ட ஒரு குப்பம், வருஷா வருஷம் வட்டி கட்டுகிறது, இந்த வருஷம் கட்ட முடியவில்லை. அடுத்த கேம்பெயின் அங்கேயே பிறந்துவிட்டது.

அதனால் ஒவ்வொரு செஷன் முடிவிலும் இரண்டே கேள்வி கேளுங்கள். இன்று பார்த்த ஆட்களில் யாரை மறுபடி பார்க்க ஆசை? நாம் போகாமல் விட்ட எந்த இடத்துக்குள் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அப்போதே சரி தவறு சொல்ல வேண்டாம். பிளேயர்களின் ஊகங்கள் பல சமயம் நம் திட்டத்தை விட நன்றாக இருக்கும், அதோடு ஊகித்தவர் அது உண்மையாகும் நாளில் துள்ளிக் குதிப்பார்.

இரண்டாவது இடம் ஊர். சென்னையில் இருந்துகொண்டு செட்டிங்குக்கு, அதாவது ஆட்டம் நடக்கும் களத்துக்கு, பஞ்சம் என்று சொல்ல வாய்ப்பே இல்லை. பாரிமுனைக்குப் பக்கத்தில் அரண்மனைக்காரத் தெருவில் இருக்கிற ஆர்மீனியர் தேவாலயத்துக்குள் ஒரு முறை போய் வாருங்கள். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794ல் அச்சானது இந்த ஊரில்தான், அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. சொந்த நாட்டிலிருந்து இவ்வளவு தொலைவில், கடலோரத்து ஊர் ஒன்றில், தன் மொழியில் எழுத்துக் கோத்து அச்சடித்த ஒருவர். அவருடைய அச்சுக்கூடத்துக்கு ராத்திரியில் யார் வந்திருப்பார்கள், எதை அச்சடிக்கச் சொல்லிக் கெஞ்சியிருப்பார்கள், எதை அச்சடிக்கவே கூடாது என்று மிரட்டியிருப்பார்கள்? ஒரே செஷனில் முடியும் ஒரு ஒன்-ஷாட்டுக்கு இவ்வளவு போதும்.

மூன்று வரிச் சீட்டு

ஒரு யோசனைக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டில் மூன்று வரி. யாருக்கு என்ன வேண்டும், எதற்குள் வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் என்ன ஆகும். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் மிச்சப்படும் அட்டைகள் மலிவாகக் கிடைக்கும், அவை இதற்கு நல்ல தடிமன். மூன்று வரிக்குள் அடங்கவில்லை என்றால் யோசனை இன்னும் கதையாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது, ஐநூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. பாருஸ் கற்பூரத்துக்குப் பேர் போன துறை. சரி, சீட்டு இப்படி வரும். ஐநூற்றுவர் குழுவின் ஒரு வணிகருக்கு, மகள் கல்யாணத்துக்குள் தன் கடனை அடைக்க ஒரு கப்பல் நிறையக் கற்பூரம் வேண்டும். காற்று திரும்புவதற்குள் ஏற்றியாக வேண்டும், திரும்பிவிட்டால் அடுத்த பருவம் வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். யாரும் உதவாவிட்டால் அவர் காட்டுக்குள் இருக்கும் மரம் வெட்டுகிறவர்களை ஏமாற்றுவார், அதன் பிறகு தமிழ் பேசுகிறவன் எவனும் அந்தக் காட்டுக்குள் நுழைய முடியாது. பருவக்காற்றை நம்பிய கப்பல் என்பதால் கெடு தானாகவே அமைந்துவிடுகிறது. இதனால்தான் கடல் வணிகச் செட்டிங் ஜிஎம்முக்கு இவ்வளவு ஒத்துழைக்கும்.

இன்னொன்று 1802. வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்த வருஷம், இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரிய சர்வே அங்கிருந்துதான் தொடங்கியது. ஏழரை மைல் தூரத்தை நூறு அடிச் சங்கிலியால் ஏறத்தாழ நானூறு தடவை வைத்து வைத்து எடுத்தார்கள், 57 நாள் ஆயிற்று. கூடவே கோணம் அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி. 1808ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு விட்டுப்போய்க் கருவி அடிபட்டதும் நடந்தது. சங்கிலி தூக்குபவர்கள், சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர், காவலாள் என்று பிளேயர்களைச் சர்வே கூட்டத்திலேயே வைத்துவிடலாம். சங்கிலி போகும் நேர்க்கோட்டில் ஒரு ஊரின் எல்லைக்கல் நிற்கிறது. கல்லை எடுத்தால்தான் அளக்க முடியும் என்று துரை சொல்கிறார், எடுத்தால் என்ன வெளியே வரும் என்று ஊர்க்காரர்கள் சொல்ல மறுக்கிறார்கள், நாளை காலை சங்கிலி அந்த இடத்துக்கு வந்துவிடும்.

இப்படி எழுதிய சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள். எது நல்லது என்று எழுதும்போதே முடிவு செய்ய வேண்டாம்.

செட்டிங்கைக் கட்ட நம்மிடமே ஒரு படிவம் இருக்கிறது

பலரும் செட்டிங் என்றதும் வரைபடத்தில் தொடங்குகிறார்கள். ஏழு ராஜ்யம், நாலாயிரம் வருஷ வரலாறு, ராஜா பரம்பரை. யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. எனக்குப் பிடித்த வழி தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்த முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றும்தான். ஜிஎம் வேலைக்கு இவ்வளவு பொருத்தமான படிவத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

முதற்பொருளில் நிலமும் பொழுதும் வரும். எந்த இடம், எந்தப் பருவம், ஒரு நாளில் எந்த நேரம். பொழுதைச் சேர்த்துச் சொல்வது பெரிய விஷயம். "ஒரு துறைமுகம்" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் தோன்றாது, "ஐப்பசி மழையில் விடிகாலைத் துறைமுகம்" என்றால் உடனே ஒருவர் "எனக்குக் கோணி மூட்டைக்கு அடியில ஒளிஞ்சிக்க முடியுமா" என்று கேட்பார். கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில் எழுதினால் போதும், உங்கள் ஊர் நின்றுவிடும். இதில் பறையை யாரும் விட்டுவிடாதீர்கள். ஒரு ஊரில் என்ன சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே ஓடி வருவார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி செஷன் அங்கேயே இருக்கிறது.

உரிப்பொருள்தான் உயிர். குறிஞ்சிக்குச் சேர்தல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். ஒரு கேம்பெயினுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் எந்தச் சீனிலும் நீங்கள் தடுமாறவே மாட்டீர்கள். பிளேயர்கள் எதிர்பாராமல் ஒரு டீக்கடைக்குள் நுழைந்துவிட்டார்கள், உங்களிடம் எதுவும் தயாராக இல்லை. செட்டிங்கின் உரிப்பொருள் காத்திருத்தல் என்றால் டீக்கடைக்காரர் யாருக்காகவோ காத்திருக்கிறார். ஊடல் என்றால் அவருக்கும் எதிர்க்கடைக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, இருவரும் அண்ணன் தம்பி. ஒரு நொடியில் ஆள் கிடைத்துவிட்டார்.

இதை ஒரு முறை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஒன்பதரை மணி அளவில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு வெளியே கடலில் வந்து நின்று துறைமுகத்தின் மேல் குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன, அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். இன்றைக்கும் ஹைகோர்ட் சுவரில் அதற்கான கல் இருக்கிறது.

இதை வைத்து ஆட நினைப்பவர்கள் உடனே கப்பலைத் தடுப்பதைத்தான் யோசிப்பார்கள். வேண்டாம். கப்பல் வந்தது, சுட்டது, போனது, அது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. குண்டு நின்ற நொடியில் ஆட்டத்தைத் தொடங்குங்கள். நிலம் ஜார்ஜ் டவுனும் ராயபுரமும், பொழுது அந்த ஒரு ராத்திரி. தெய்வத்துக்குத் தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாள். விலங்கு ஜட்கா குதிரை, சத்தத்தில் மிரண்டு ஓடுகிறது, ஊரை விட்டுப் போக நினைப்பவர்கள் எல்லோருக்கும் அது வேண்டும். தொழில் துறைமுகக் கூலி, கிளார்க், டிராம் ஓட்டுகிறவர். பறைக்கு எண்ணெய்த் தொட்டி எரியும் இரைச்சல், நடுநடுவே எங்கோ கோயில் மணி. உரிப்பொருள் பிரிதல். கடற்கரையில் பாலையின் உணர்வு, சங்கப் பாட்டில் திணை மயக்கம் என்று இருக்கிற அதே வழிதான்.

இப்போது ஆட்கள், மூன்று பேர் போதும். கப்பல் கம்பெனி குமாஸ்தா ஒருவர், முதலாளி ஓடிவிட்டார், கிடங்குச் சாவி இவரிடம், உள்ளே ஒரு பெட்டியை விடிவதற்குள் அப்புறப்படுத்தியாக வேண்டும், பெட்டியில் என்ன என்று சொல்ல மாட்டார். ராயபுரத்தில் ஒரு அம்மா, மகன் துறைமுகத்தில் ராத்திரி வேலை, இன்னும் வீடு திரும்பவில்லை, "ஜெனரல் ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்துட்டு வாங்கப்பா" என்று வழியில் போகிறவர்களை எல்லாம் பிடித்துக் கேட்கிறாள். மூன்றாவது ஒரு போலீஸ் அதிகாரி, கப்பலுக்கு உள்ளூரில் விளக்குக் காட்டியவன் யார் என்று மேலிடம் கேட்கிறது, விடிவதற்குள் யாரையாவது பிடித்துக் காட்ட வேண்டும். அவர் பிடிக்கப்போவது ஜெர்மன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் நாலு ஜெர்மன் வார்த்தை தெரிந்த ஒரு வாட்ச்மேனை. அந்த வாட்ச்மேன்தான் ராயபுரத்து அம்மாவின் மகன். குமாஸ்தாவின் பெட்டி இருக்கும் கிடங்கைக் காவல் காப்பதும் அவன்தான்.

இந்த மூவரும் என் கற்பனை, ராத்திரி மட்டும் உண்மை. எல்லோரும் ஒரே ஆளைச் சுற்றி இழுக்கிறார்கள், பிளேயர்கள் எந்தப் பக்கம் நுழைந்தாலும் மற்ற இரண்டும் தானாக வந்து மேலே விழும். முடிவை நான் எழுதவே இல்லை.

கெடுவைக் கண்ணில் காட்ட ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரியுங்கள், போலீஸ் அதிகாரிக்கு ஒரு வட்டம், தீ கிடங்கை நெருங்குவதற்கு இன்னொரு வட்டம். பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ரோல்பிளேயிங் கேமை ஆடியவர்களுக்கு இந்தக் கடிகாரங்கள் பழக்கம்தான். பிளேயர்கள் நேரத்தை வீணாக்கினாலோ பகடையில் தோற்றாலோ ஒரு துண்டைக் கறுப்பாக்குங்கள், எல்லோரும் பார்க்கும்படி மேஜை நடுவில் வைத்து. நாலாவது துண்டு நிரம்பும்போது மேஜையில் பேச்சின் வேகமே மாறிவிடும், கேட்டுப் பாருங்கள்.

நாளைய சென்னையை ஊகிக்க

எதிர்காலச் செட்டிங்கில் எல்லோரும் கடைசிப் படத்துக்கு நேராகப் போய்விடுகிறார்கள். மூழ்கிய நகரம், துருப்பிடித்த மெட்ரோ, முகமூடி போட்ட கூட்டம். எந்த ஊரை வைத்தாலும் அதே படம்தான் வரும். இன்று கையில் இருக்கும் ஒரு உண்மையை எடுத்துக்கொண்டு "அப்புறம்?" என்று மூன்று முறை கேட்பதுதான் நல்ல வழி.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. அப்புறம்? அந்த ரயில் வருஷா வருஷம் வர வேண்டியதாகிறது. அப்புறம்? எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதுதான் ஊரின் பெரிய அரசியல். அப்புறம்? சிக்னல் கேபினில் இருக்கும் ஒரு ஆளின் கை, ஒரு வார்டு முழுவதும் இன்று சமைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த ஆள் உங்கள் முதல் என்பிசி, அதாவது ஜிஎம் நடத்தும் கேரக்டர்.

அல்லது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே மீஞ்சூர் 2010லும் தெற்கே நெம்மேலி 2013லும் தொடங்கின, இரண்டுமே நாளுக்கு 10 கோடி லிட்டர் என்று கட்டப்பட்டவை. இரண்டுக்கும் நடுவே ஊரை நீளவாக்கில் வெட்டிக்கொண்டு பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாயில் மறுபடி படகு ஓடும் ஒரு காலத்தை நினையுங்கள், வட சென்னைக்கு ஒரு ஆலை, தென் சென்னைக்கு ஒரு ஆலை, இரண்டு பக்கமும் பேச்சு இல்லை. நடுவில் மயிலாப்பூர்க்காரர்கள் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, குளம் நிறைந்திருக்கும் வரை முடிவு செய்யப்போவதும் இல்லை. பிளேயர்கள் ஒரு படகின் ஆட்கள். உரிப்பொருள் முல்லையின் காத்திருத்தல், எல்லோரும் மழைக்குக் காத்திருக்கிறார்கள். இடங்கள் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் வரைபடமே தேவைப்படாது, "கோட்டூர்புரம் பாலத்துக்கு அடியில" என்றால் யாருக்குத் தெரியாது?

தற்செயலாக நடப்பவற்றுக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டி 2 முதல் 12 வரை ஒரு அட்டவணை போட்டு வையுங்கள். 36 விதமான விழுச்சிகளில் 7 ஆறு தடவை வரும், 6ம் 8ம் ஐந்தைந்து தடவை, 2ம் 12ம் ஒரே ஒரு தடவை. அதாவது 6, 7, 8 மூன்றும் சேர்ந்தே 36ல் 16. அந்த மூன்று இடத்தில் உங்கள் உலகத்தின் அன்றாடத்தை வையுங்கள்: தண்ணீர் லாரிக்காரரோடு தகராறு, பாசி பிடித்துச் சிக்கிய துடுப்பு, கடன் கேட்கும் சொந்தக்காரர். 2க்கும் 12க்கும் ஒரு கேம்பெயினில் ஒரு முறை வந்தாலே போதும் என்கிற அதிசயத்தை வையுங்கள். இருபதுமுகப் பகடை ஒன்றை மட்டும் உருட்டினால் ஒவ்வொரு முகத்துக்கும் அதே ஐந்து சதவீதம்தான், அதிசயமும் லாரித் தகராறும் ஒரே மாதிரி வந்து விழும், உலகம் நிலைகொள்ளாது.

தொட வேண்டியதும் கேட்டுத் தொட வேண்டியதும்

நம் ஊரை வைத்து ஆடும்போது வரும் பொறுப்பு, டிராகன் ஊரை வைத்து ஆடும்போது வராது. 2004 சுனாமியையும் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் நேரில் பார்த்தவர்கள் உங்கள் மேஜையில் இருக்கலாம், இருப்பார்கள். வெள்ளம் வரும் செட்டிங் என்றால் முதல் செஷனுக்கு முன்பே, ஒவ்வொருவரிடமும் தனியாக, போனில் கேளுங்கள். குரூப்பில் பொதுவாகக் கேட்டால் யாரும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தச் சீட்டை எடுத்து வைத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

சாதியும் அப்படித்தான். 1802லோ 1914லோ ஆடுகிறோம் என்றால் அது எல்லாத் தெருவிலும் இருந்தது, இல்லை என்று நடிப்பது பொய். ஆனால் மேஜையில் ஒருவரின் கேரக்டரை மற்றொருவர் அப்படி நடத்துவது ஆட்டமாகாது. எங்கள் மேஜையில் வைத்திருக்கும் வழி, கொடுமை செய்பவர்கள் என்பிசிகள் மட்டும், அதை எதிர்ப்பதற்கு எப்போதும் ஏதாவது ஒரு வழி திறந்திருக்கும், வசை வார்த்தைகள் வாயில் வராது, "அவர் கேவலமாகப் பேசுகிறார்" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். சாமிகளுக்கு ஹிட் பாயின்ட், அதாவது அடிபட்டால் குறையும் உயிர்ப் புள்ளி, போடாதீர்கள். காளிகாம்பாளும் முனீஸ்வரனும் யாரோ இன்று காலை கும்பிட்டுவிட்டு வந்த தெய்வங்கள். சாமி நேரில் வருவதை விட, சாமியிடம் நேர்ந்துகொண்டவர் வருவது ஆட்டத்துக்கும் நல்லது.

எவ்வளவு தூரம் யோசிக்கலாம்

அடுத்த செஷன் முழுசாக, அதற்கு அடுத்தது ஒரு பக்கம், மற்றதெல்லாம் மூன்று வரி. இதற்கு மேல் தயார் செய்தால் அந்த உழைப்பைக் காப்பாற்றுவதற்காகவே பிளேயர்களை நம் வழியில் இழுக்க ஆரம்பித்துவிடுவோம்.

நம் ஊர் வாழ்க்கையையும் கணக்கில் எடுங்கள். ஞாயிறு நாலு மணி என்று சொன்னால் ஓஎம்ஆரிலிருந்து வருபவர் ஐந்தேகாலுக்கு வருவார், கார்த்திகையில் மழை பெய்தால் வரவே மாட்டார், ஆவணியில் கல்யாணம், தையில் கல்யாணம், ஒருவருக்கு ஆபீஸில் ரிலீஸ், ஒருவர் குழந்தைக்குப் பரீட்சை. ஐந்து பேரில் மூன்று பேர் வந்தாலும் நடக்கிற கேம்பெயினைத்தான் திட்டமிட வேண்டும். ஒவ்வொரு செஷனும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து முடிகிற மாதிரி செட்டிங்கைத் தேர்ந்தெடுத்தால் இது சுலபம். கால்வாய்ப் படகு கரை சேர்ந்துவிடும், சர்வே கூட்டம் மாலையில் கூடாரத்துக்குத் திரும்பிவிடும், வராதவரின் கேரக்டர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தது. சுமத்ராவுக்குப் போகிற கற்பூரக் கப்பலில் நடுக்கடலில் ஆள் காணாமல் போக முடியாது, அந்தச் சீட்டை எல்லோரும் லீவில் இருக்கும் மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த விதிமுறையில் ஆடுவது என்ற கேள்விக்கு அதிகம் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, மேஜைக்குப் பழகியதே போதும். செட்டிங்கை எழுதி ஒரு நாள் வெளியிடும் ஆசை இருந்தால், டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதன் மேல் தமிழில் தாராளமாகக் கட்டலாம். கட்டுங்கள், தமிழில் இதற்கு இடம் நிறையக் காலியாக இருக்கிறது.

தேர்ந்தெடுக்கும் நாள்

கேம்பெயின் முடிந்த பிறகு சீட்டுகளில் நாலைந்தை எடுத்து மேஜையில் பரப்புங்கள். நீங்கள் விவரிக்க வேண்டாம், பிளேயர்களையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், படித்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும். எந்தச் சீட்டுக்கு "நான் யாரா இருக்கலாம்?" என்ற கேள்வி வருகிறதோ அதைக் கவனியுங்கள். "அந்த உலகத்துல மேஜிக் உண்டா, துப்பாக்கி உண்டா" என்ற கேள்விகள் ஆர்வம்தான், ஆனால் தன்னை உள்ளே வைத்துப் பார்க்கிறவர்தான் மழையிலும் வருவார்.

வென்ற சீட்டை நேராகக் கேம்பெயினாக்கிவிடாமல் ஒரு ஒன்-ஷாட் வையுங்கள். மூன்று மணி நேரம், தயாராகச் செய்து வைத்த கேரக்டர்கள், ஒரு ராத்திரியில் முடியும் சிக்கல். அந்த வாட்ச்மேன் கதையையே எடுத்துக்கொள்ளலாம். முடிந்ததும் வடை, டீ, வழக்கமான பேச்சு. லெவல் ஏறினால் என்ன கிடைக்கும் என்று பேச்சு போனால் அந்தச் சீட்டைக் கட்டுக்குள் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். "அந்தப் பையன் அம்மாகிட்ட போய்ச் சேர்ந்தானா, இல்லையா?" என்று படியிறங்கும்போது யாராவது கேட்டால், அன்றைக்கு ராத்திரியே இரண்டாவது செஷனுக்கு நாள் குறித்துவிடுங்கள்.